மேட்டு உச்சியில் நின்ற பஸ்

பஸ்களுக்குப் பிரேக் கட்டை செய்யும் பட்டறை அவளுடையது. பஸ்களைப் பழுதுபார்க்கும் பணிமனையில் அவளுக்குப் பிரேக்கம்மா என்றே பெயர். அவள் மூன்று வருடம் நடையாய் நடந்தும், வெளிநாட்டுக் கட்டையைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றிருந்த பணிமனை இன்ஜினியர், அவள் நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் இறங்கி வந்தார்.

"உள்ளூர்ச் சரக்கு உசத்தின்னு வாய் கிழியப் பேசுறீங்களே, ஒரு பஸ்ல மாட்டிப் பார்ப்போம். மணல் மூட்டை ஏத்தி மலை இறக்கத்துல விடுவோம். நீங்களும் உள்ள உக்காரணும்."

"உக்கார்றேன் சார்" என்று சொன்னபோது அவள் குரல் நடுங்கவில்லை. மலை ஏறும்போதுதான் முன்கம்பியை இறுகப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே பள்ளம். அதன் அடியில் தீப்பெட்டி தீப்பெட்டியாய் வீடுகள்.

பட்டறை ஓவனில் கட்டைகளை வேகவைப்பவன் அவள் தம்பி. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வாய் ஓயாதவன், பாதி மலை ஏறியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

அவன் காதருகே குனிந்தான். "அக்கா, திட்டாதே. செவ்வாய்க்கிழமை கட்டை வேகுறப்போ நடுவுல கரண்ட் போச்சு. பத்து நிமிஷம். மறுபடி சூடு ஏத்திட்டேன். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கட்டையைத்தான் இதுல மாட்டியிருக்கு."

அரைவேக்காட்டுக் கட்டை சூடேறினால் நொறுங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறந்தால் ஆர்டர் போச்சு. அதை நம்பிப் பட்டறையில் பதினோரு பெண்கள். திறக்காவிட்டால்? பஸ் உச்சிக்கு வந்துவிட்டது. எதிரே சாலை செங்குத்தாகச் சரிந்து கிடந்தது. டிரைவர் கியரை மாற்றக் கை வைத்தார்.

"நிறுத்துங்க! அண்ணே, நிறுத்துங்க!"

டிரைவர் கைப்பிரேக்கை இழுத்து, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"இதுக்குத்தான் சொன்னேன்!" என்று இன்ஜினியர் குதித்தார். "உள்ளூர்ச் சரக்கோட லட்சணம் இதுதான்!"

"சார், அவங்க சொல்லலேன்னா நம்ம கதி என்ன?" என்றார் டிரைவர். "வெளிநாட்டுக்காரன் நம்ம பஸ்ல ஏறி உக்காந்து, கட்டை சரியில்லைன்னு சொல்லவா போறான்?"

இன்ஜினியர் இறங்கிப் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "சரி, வேற கட்டை மாட்டிப் பார்ப்போம்" என்றார். அவ்வழி வந்த லாரியில் தம்பியை ஏற்றிக் கீழே அனுப்பினார். அவன் வேறு நாள் வெந்த கட்டைகளும் பணிமனை மெக்கானிக்குமாகத் திரும்பி, எல்லாச் சக்கரங்களிலும் மாற்றி முடிக்க மாலை நாலு மணியாயிற்று.

"இப்பவும் உக்காருவீங்களா?"

"உக்கார்றேன் சார்." இந்தத் தடவை குரல் நடுங்கியது.

பஸ் இறங்கியது. முதல் வளைவிலேயே கருகல் வாடை. அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பஸ்ஸை நிறுத்திப் பார்க்கச் சாலையில் மூன்று இடங்களில் கோடு போட்டிருந்தார்கள். மூன்றிலும் பஸ் கோட்டைத் தாண்டாமல் நின்றது. முன்கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களைத் தம்பிதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

"பத்து பஸ்ஸுக்குக் குடுங்க" என்றார் இன்ஜினியர். "ஆறு மாசம் பார்ப்போம்."

பட்டறையில் அன்று ஒரே கூத்தும் கும்மாளமும். அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு எந்த பஸ்ஸில் ஏறினாலும், இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். டிரைவருக்குப் பின்னால் நின்று, வளைவு வரும்போதெல்லாம் பிரேக்கை மிதிக்கும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.