செந்துறைக்கு வந்த அட்ரோபோஸ்

வைத்திலிங்கம் சார் அந்த அந்துப்பூச்சியைத் தேடிப் போகவில்லை. செந்துறையில் அவர் வீட்டு டியூப்லைட்டில் மோதி அதுவே விழுந்தது. உள்ளங்கை அகலம். முதுகில் மண்டை ஓடு வரைந்தது போல ஒரு குறி. எமன் வந்துவிட்டான் என்று அவர் மனைவி கத்தினாள். விலங்கியல் துறைத் தலைவரான அவர் வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தைத் திறந்தார். மண்டை ஓட்டோடு ஒரு படம் இருந்தது. மூடிவிட்டார். ஆராய்ச்சி முடிந்தது.

பெரம்பலூரில் அவர் கல்லூரியின் புது அருங்காட்சியகத்தில் அதற்கு நடுப்பெட்டி. கீழே அட்டை: 'அக்கெரோன்ஷியா அட்ரோபோஸ். ஐரோப்பிய இனம். இந்தியாவில் முதல்முறை. கண்டறிந்தோர்: வைத்திலிங்கம், இஃப்பத்.'

அங்கே விரிவுரையாளராக இருந்த இஃப்பத் அந்த அட்டையைத் திறப்பு விழாவுக்கு முதல் நாள் மாலைதான் பார்த்தாள்.

"என் பேரு எதுக்குங்க சார்?"

"எல்லாத்தையும் நாமளே அள்ளிக்கக் கூடாதும்மா. சின்னப் புள்ளைங்களையும் தூக்கிவிடணும்ல."

திறக்க வருபவர் திருச்சிப் பேராசிரியர். வாழ்நாளெல்லாம் அந்துப்பூச்சிகளைப் பார்த்தவர். அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர இஃப்பத் விண்ணப்பித்திருந்தாள், பதில் வரவில்லை. நாளை அவர் இந்த அட்டையைப் படிப்பார். அப்புறம் பதில் வரவே வராது.

"இது அட்ரோபோஸ் இல்லைங்க சார். ஸ்டிக்ஸ். நம்ம எள்ளுக்காட்டுப் பூச்சி."

"மண்டை ஓடு இருக்குல்ல?"

"இந்த வகையில மூணு இனம், மூணுக்கும் இருக்குங்க சார். லாக்கெசிஸா இருந்தா பின்சிறகு ஆரம்பிக்கிற எடமே கருப்பா இருக்கும். இதுக்கு மஞ்சள், அதனால அது இல்ல. மத்த ரெண்டைப் பிரிக்கத் திருப்பிப் பாக்கணும். அட்ரோபோஸுக்கு அடிவயித்துல கருப்புப் பட்டை, முன்சிறகுக்கு அடியில ஒரு கோடு. ஸ்டிக்ஸுக்கு வயிறு வெறும் மஞ்சள், கோடு ரெண்டு."

"திருப்புறதாவது? ஃபெவிக்கால் போட்டு ஒட்டியாச்சு."

அதுதான் அந்தக் கல்லூரி. பூச்சிக்கு ஊசி குத்தும் வழக்கமே கிடையாது. எல்லாவற்றையும் தெர்மாகோலில் வயிறு படிய ஒட்டிவிடுவார்கள். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முகத்தை அடையாளம் சொல்லும் கூட்டம்.

"ஐரோப்பாவுல இருக்கறது செந்துறைக்கு வரக் கூடாதுன்னு சட்டமா? துபாய்லேர்ந்து உங்க ஊரு லெப்பைக்குடிக்காட்டு ஆளுங்க வரலை?"

"அவங்க பாஸ்போர்ட்டோட வர்றாங்க சார்."

"வாய் மட்டும் நல்லா இருக்கு. பேரு வேணாம்னா நீயே வெள்ளைத்தாள் ஒட்டிக்க. நாளைக்கு பேப்பர்ல என் படம் வர்றப்ப அழக் கூடாது."

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார்.

இஃப்பத் தாளைக் கத்தரித்தாள். உடனே ஒட்டவில்லை. அவளும் வயிற்றைப் பார்த்ததில்லை. பார்க்காமல் பெயர் சொன்னால் அவளும் ஒரு வைத்திலிங்கம்தான்.

அட்டெண்டர் பூமாலை வெந்நீர் கொண்டுவந்தார். பஞ்சில் நனைத்துப் பசையை ஊறவிட்டு, பிளேடை நுழைத்து மெல்ல நெம்பினாள். மார்பில்தான் பசை அப்பியிருந்தது, வயிறு தப்பித்திருந்தது. திருப்பினாள்.

வயிறு வெறும் மஞ்சள். சிறகடியில் கோடு இரண்டு.

வெள்ளைத்தாளை எடுத்துத் தன் பெயர் மேல் ஒட்டினாள். பிறகு பூச்சியை வயிறு மேலாகவே தெர்மாகோலில் வைத்து அழுத்தினாள்.

"மேடம், மண்டை ஓடு தெரியலையே. சார் குதிப்பாரு."

"குதிக்கட்டும். பெட்டிக் கண்ணாடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்குங்க."

பூமாலை முடுக்கினார். மேலே பட்டுத்துணியைப் போர்த்தினார்கள்.

மறுநாள் நாதஸ்வரத்தோடு பட்டுத்துணி விலகியது. மல்லாந்து கிடந்த பூச்சியைக் கண்டு வைத்திலிங்கத்துக்கு வாய் பிளந்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். வயிற்றைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி வயிற்றைப் பார்த்தார்.

"பேரு வச்சது யாரு?"

"நாங்க... டிபார்ட்மென்ட்ல ரெண்டு பேரு சேந்துதான்..." வைத்திலிங்கத்தின் விரல் அட்டையில் இஃப்பத்தின் பெயரைத் தேடிப் போய் வெள்ளைத்தாளில் முட்டி நின்றது. கூட்டத்தில் அவளைத் தேடினார். கடைசி வரிசையில் நின்றவள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க சார்," என்றார்.

ஒன்றும் புரியாத தாளாளர் கை தட்டினார். கல்லூரியே தட்டியது.