மூன்று பேருக்கான கிரில்

வாடகைப் பாத்திரக் கடையில் எதைக் கேட்டாலும் முதலில் இலைக் கணக்குதான். பலவேசம் அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமலே, "எத்தனை எலைக்கும்மா?" என்றார்.

"மூணு" என்றேன்.

சொல்லி முடித்ததும் காது சுட்டது. போகிறவள் நான் ஒருத்திதான்.

தென்காசியில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் அண்டாவும் கரண்டியும் பெரும்பாலும் அவர் கடையிலிருந்துதான் போகும். இரண்டு சீசனாகக் கூடாரங்களும் வாடகைக்கு விடுகிறார். குற்றாலத்து அருவியில் குளித்துவிட்டு லாட்ஜில் படுத்துக் கிடந்தவர்களுக்கு இப்போது தோப்பில் கூடாரம் போட்டுத் தாங்களே சமைத்துச் சாப்பிட ஆசை வந்திருக்கிறது. கவிழ்த்துப் போட்ட அண்டாக்களின் மேல் அந்தக் கூடாரங்கள் சுருண்டு கிடந்தன.

அண்ணாச்சி இரண்டு சாமான்களை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று தட்டையான இரும்புக் கல். பரோட்டாக் கடைக் கல்லின் குட்டி மாதிரி முழங்கை நீளம் இருந்தது. எண்ணெய் வழிய ஓரத்தில் ஒரு வாய்க்கால், அடியில் வைக்கச் சின்ன கேஸ் அடுப்பு. மற்றது கிரில். கால்களை மடக்கலாம். தகரத் தொட்டியில் கரி மூட்டி மேலே கம்பி வலையை வைக்க வேண்டும்.

கல்லில் தோசை ஊற்றலாம், முட்டை உடைத்து ஊற்றலாம், மீன் பொரிக்கலாம், சாரல் அடித்தாலும் கேஸ் அணையாமல் மறைக்கத் தகடு இருக்கிறது என்றார். கிரில்லில் கோழியைத் தவிர எதைப் போட்டாலும் பாதி கம்பி வழியே கரிக்குள் விழும், அதோடு இந்த மாதத்துச் சாரலில் கரி லேசில் பிடிக்காது என்றும் சொன்னார். வியாபாரி மாதிரியே பேசவில்லை. நான் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்று குளிர்ந்திருந்தது. எனக்கு வேண்டியது அதுதான். ஒரு தோசை, அதைத் தின்று முடிப்பதற்குள் இன்னொரு தோசை. மலையைப் பார்த்தபடி நானே ஊற்றி நானே தின்பது.

"ஒத்தை ஆளுன்னா கல்லு, கூட்டம்னா கிரில்லு" என்றார் அண்ணாச்சி. "ஒத்தைல போறவன் எவனாவது கரி மூட்டிட்டு நிப்பானா? நீங்க மூணு பேரு இருக்கிய. ஒருத்தி விசிற, ஒருத்தி திருப்ப, ஒருத்தி சும்மா வாய் பாத்துட்டு இருக்க."

அந்தப் பேச்சில்தான் என் முடிவு மாறியது. கிரில் என்றேன்.

மூன்று வாரமாகக் கல்லூரித் தோழிகள் எங்கள் மூன்று பேரின் போன் குழுவில் இதே சண்டைதான் நடந்தது. கல்லா, கிரில்லா? நிலோபர் கிரில் கட்சி. சார்ஜாவில் அவளும் கணவனும் வாரக் கடைசியில் பாலைவனத்துக்குப் போய்க் கரி மூட்டுகிற படங்களை வரிசையாக அனுப்பினாள். கிருபா கல் கட்சி. கருகின கறி கைக்குழந்தைக்காரிக்கு ஆகாது என்றாள். நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசினேன். சண்டை நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி. கல்லூரி முடித்த வருடத்திலிருந்து மூன்று பேரும் குற்றாலத்தில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த வருடம்தான் தேதி வரைக்கும் வந்தது. பிறகு நிலோபருக்கு லீவு கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் கிருபாவின் குழந்தைக்குச் சளி. "நீயாவது போய்ட்டு வாட்டி" என்று நிலோபர் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

நானும் போகாவிட்டால் அப்படி ஒரு பயணத்தை நாங்கள் நினைத்தது கூட இல்லை என்று ஆகிவிடும். அதனால் ஒரு தோப்புக்காரருக்குப் போன் செய்து, ஒரு ஆள், ஒரு ராத்திரி என்றேன். ஒற்றைப் பெண்ணுக்கு இடம் கொடுப்பதில்லை என்று வைத்துவிட்டார். இங்கே பல இடத்தில் அப்படித்தான். தனியாக வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று அவர்களுக்கு ஒரு பயம். அடுத்த தோப்பில் மூன்று பேர் என்றேன். உடனே இடம் கிடைத்தது.

பொய்யைப் போனில் சொல்லிவிடலாம். நேரில் காட்ட ஏதாவது வேண்டும். கையில் தோசைக்கல்லோடு போய் இறங்குகிறவளை ஒற்றை ஆள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். கிரில்லோடு இறங்கினால் பின்னால் கூட்டம் வருகிறது என்று நினைப்பார்கள். அண்ணாச்சி கடையிலேயே வாடகைக்கு எடுத்த கூடாரத்தோடு, ஒன்றரைக் கிலோ கோழியையும் வெட்டி மசால் தடவி எடுத்துக்கொண்டேன்.

பழைய குற்றாலம் போகும் ரோட்டில் அந்தத் தோப்பு. ஆட்டோக்காரர் கிரில்லை இறக்கி வைத்துவிட்டு, மற்றவர்கள் எங்கே என்று கேட்காமல் போனதில் எனக்கு நிம்மதி. தோப்பைப் பார்த்துக்கொள்கிற மாரி அக்கா வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாரலுக்குத் தலையில் ஒரு உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள். என் கூடாரத்துக்கு மேட்டில் இடம் காட்டினாள். பக்கத்திலேயே ஓடை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டு வந்து கிரில்லைச் சுற்றிப் போட்டாள். மற்றவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள் என்றேன். அப்போது மணி மூன்றரை.

ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்வது என் வேலை. நாள் முழுக்க யாருடைய ஈரலோ, யாருடைய பித்தப்பையோ. வருகிறவர்களிடம் முதல் கேள்வியே கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான். ராத்திரி ஹாஸ்டல் அறையில் என்னைத் தவிர ஐந்து பேர், ஐந்து போனிலும் ஐந்து பேச்சு. இவ்வளவு ஆட்களுக்கு நடுவில் நான் எங்கே இருக்கிறேன் என்று அடிக்கடி தேடியிருக்கிறேன். இந்த ஓடைக்கரையில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் அது தெரிந்துவிடும் என்று எப்படியோ தோன்றியிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு ராத்திரிதான்.

கரி பிடிக்கவில்லை. அட்டையைக் கொளுத்தினேன், அட்டை எரிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், மண்ணெண்ணெய் எரிந்தது. மலையிலிருந்து பொடிப்பொடியாகச் சாரல் இறங்கிக்கொண்டே இருந்தது. பெரிய மழை என்றால் ஒதுங்கி நிற்கலாம். இது தெரியாமலே நனைக்கிறது. ஒரு கையில் குடையைக் கிரில்லுக்குப் பிடித்து மறு கையால் விசிறினேன். திருப்ப ஆள் இல்லை, திருப்புவதற்கும் ஒன்றும் இல்லை.

நாலரைக்கு மாரி அக்கா வந்து பார்த்தாள். எங்கே வருகிறார்கள் என்று கேட்டாள். பாவூர்சத்திரம் தாண்டிவிட்டார்கள் என்றேன். சரி என்று போனாள். ஐந்தரைக்கு ஒரு கூடை சிரட்டையோடு வந்தாள். மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் பாவூர்சத்திரம் என்று சொல்லிவிட்டேன்.

"பாவூர்சத்திரத்துல இருந்து நடந்து வந்திருந்தாக் கூட இந்நேரம் வந்திருப்பாவ" என்றாள்.

நான் சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. குத்தவைத்து, நனைந்த கரியை ஓரமாகத் தள்ளி, சிரட்டைகளைக் கூம்பாக அடுக்கி, அடியில் காய்ந்த பாளையைச் செருகி ஒரே தீக்குச்சியில் பற்ற வைத்தாள். தீ எழும்பியது. அந்த வெளிச்சத்தில் கூடாரத்துக்குள் ஒரு முறை பார்த்தாள். ஒரு பை, ஒரு போர்வை.

"யாரும் வரல்ல. அப்படித்தான?"

ஆமாம் என்றேன். அதற்கு மேல் பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை. குழுவைப் பற்றி, சண்டையைப் பற்றி, குழந்தையின் சளியைப் பற்றிச் சொன்னேன். அவள் தீயைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசம் முந்தி நான் வேற தோப்புல நின்னேன்" என்றாள். "அங்கன ஒரு பிள்ள ஒத்தைல வந்துச்சு. நல்லாத்தான் பேசுனா. காலைல காப்பி கொண்டுட்டுப் போயி மொதல்ல பாத்தது நான்தான்."

கூடையிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்துத் தீயில் போட்டாள். ஓடைச் சத்தம் சட்டென்று பக்கத்தில் வந்தது போல இருந்தது.

"நான் அப்படி வரலக்கா."

"அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பா, நான் கேட்டிருந்தா." எழுந்து சேலையை உதறினாள். "மொதலாளிட்ட சொல்லல. ஆனா ஒனக்கு வேண்டிய ஆள் ஒருத்தர எங்கிட்டப் பேசச் சொல்லு. நீ இங்கன இருக்கது அவியளுக்குத் தெரிஞ்சாப் போதும். இல்லன்னா இருட்டுறதுக்குள்ள ஆட்டோ வரச் சொல்லுதேன்."

நிலோபரைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. கிருபா இரண்டாவது மணியிலேயே வெட்டினாள். "பாப்பா இப்பதான் தூங்குறா, அப்புறம் பேசுறேன்" என்று செய்தி வந்தது. நான் உடனே, அவசரம் என்று எழுதினேன். பக்கத்தில் ஒற்றை டிக்கோடு அது நின்றது. அம்மாவின் பெயர் வரைக்கும் விரல் போனது. வீரகேரளம்புதூரில் அம்மா நாங்கள் மூன்று பேரும் சேர்ந்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். தனியாக இருக்கிறேன் என்றால் ஒரு மணி நேரத்தில் அப்பா இங்கே நிற்பார். போனைப் பையில் போட்டேன்.

"எடுக்கலியா?"

"இல்லக்கா."

மாரி அக்கா என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மலை தெரியவில்லை, வெள்ளையாக மேகம் மட்டும்தான். பிறகு கூடாரத்தின் ஒரு முளையைக் காலால் அசைத்துப் பார்த்தாள்.

"இத அவுத்து என் வீட்டு முன்னால போடு. டியூப் லைட்டு விடிய விடிய எரியும், மாடு கத்தும். ஒறக்கம் வராது. சம்மதம்னா இரி."

ஓடை இல்லை, இருட்டு இல்லை, தனிமை இல்லை. நான் கேட்டு வந்த ராத்திரி அது இல்லை. ஆனால் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய், ஏன் வந்துவிட்டாய் என்று ஐந்து பேருக்குச் சொல்வதை நினைத்தேன். சம்மதம் என்றேன்.

உடனே போக முடியவில்லை. இரண்டு மணி நேரமாகப் பிடிக்காத கரி இப்போது முழுக்கப் பிடித்திருந்தது. தணல் கனிந்த தொட்டியை எப்படித் தூக்குவது? கல் என்றால் கேஸைத் திருகி அணைத்துவிட்டுத் தூக்கியிருக்கலாம். தண்ணீரை ஊற்றினால் தகரம் நெளிந்துவிடும், கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள் மாரி அக்கா. தானாக அடங்கட்டும் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் இன்னொன்றில் உட்கார்ந்தேன்.

சும்மா இருப்பானேன் என்று கோழியைக் கம்பியில் அடுக்கினேன். கொழுப்பு சொட்டியது, புகை எழும்பியது, வாசனை தோப்பெல்லாம் பரவியது. அவளுக்கென்று ஒரு நல்ல தொடைத் துண்டை மனதில் எடுத்து வைத்திருந்தேன். தட்டில் வைத்து நீட்டினேன்.

அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

"அடுத்த செவ்வாக்கெழம எங்க கோயில் கொடை. நான் அக்கினிச் சட்டி எடுக்கேன். அது முடியுற மட்டும் கவிச்சி தொடக்கூடாது பிள்ள. வாட பட்டதுக்கே போய்க் குளிக்கணும்."

எழுந்து காற்று வரும் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"நீ ஒரு தோசைக்கல்லு கொண்டாந்திருந்தா, ஒங்கூட இருந்து நானும் ரெண்டு தின்னுருப்பேன்" என்றாள்.

நான் ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். வெளியே கருகி உள்ளே வேகாமல் இருந்தது. திரும்பக் கம்பியில் வைத்துக் கிடுக்கியால் அழுத்தினேன். அவள் புகைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை.

"தோசைக்குத் தொட்டுக்க என்ன வச்சிருப்பே?" என்று கேட்டாள்.

தேங்காய்ச் சட்னி என்றேன். மிளகாய் வத்தலா, பச்சை மிளகாயா என்று கேட்டாள். பச்சை மிளகாய் என்றேன். வத்தல்தான் நல்லாயிருக்கும் என்றாள் அவள்.