இரண்டு மணிப் படம்

படம் ஆரம்பித்து இருபதாவது நிமிடத்தில் முதல் போன் வந்தது.

"கேபிளா? இன்னாங்க படம் இது? ஞாயித்துக்கெழமை அதுவுமா ஒரு துண்டு வஞ்சரத்த வாய்ல வெக்க முடியல. மாத்துங்க."

"மாத்த முடியாதுங்க," என்று சொல்லிக் கமலக்கண்ணன் வைத்துவிட்டான்.

முத்தியால்பேட்டையில் நானூறு வீடுகளுக்குக் கேபிள் கொடுக்கும் இராமதாஸின் கண்ட்ரோல் ரூம் அது. மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை. மற்ற சேனல்கள் தானாக ஓடும். சொந்தச் சேனலுக்கு மட்டும் ஆள் வேண்டும். டிவிடி போடுவது, போன் எடுப்பது, சனங்கள் முணுமுணுத்தால் உடனே காமெடிக்கு மாற்றுவது. பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் படித்த கமலக்கண்ணனுக்கு அதுதான் வேலை.

அன்றைக்கு ஓடிய டிவிடி, பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த யாரோ இராமதாஸிடம் கொடுத்தது. அட்டையில் ஒரு டாங்கியும் ஹெல்மெட் போட்ட ஒரு முகமும் இருந்தன. "சண்டப் படம்யா, சூப்பரா இருக்கும்," என்று வைத்துவிட்டு அவர் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

பேச்சு புரியாத மொழி, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. சண்டை இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் யாரும் ஜெயிக்கவில்லை. குண்டு விழுந்தபோது இசை இல்லை. விழுந்த பிறகு காது அடைத்துப் போனதுபோல ஒரு ரீங்காரம் மட்டும். ஒரு சிப்பாய் சேற்றில் உட்கார்ந்து அக்கறையாக ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த ஷூ மாட்டிய கால் அவன் உடம்போடு இல்லை.

கமலக்கண்ணன் வாட்டர் பாக்கெட்டைக் கடித்தான். முதுகெல்லாம் வியர்த்திருந்தது. அது அவனுக்கே புதிதாக இருந்தது. ஏழு மாதமாக அவனுக்கு எதுவும் உறைத்ததில்லை. காரம் உறைக்கவில்லை, வெயில் உறைக்கவில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் மனைவி சுமலதாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலை வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். பாடை கிளம்பும்போது சித்தப்பா அரிகிருஷ்ணன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீ வராத. இன்னொரு தாலி கட்ட வேண்டிய கை. கொள்ளியும் வெக்கக் கூடாது, சுடுகாட்டுப் பக்கமும் வரக் கூடாது." அவர் தோளைத் திருப்பிய பக்கம் அவன் திரும்பினான். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தான். கொள்ளி வைத்தது சுமலதாவின் தம்பி. கமலக்கண்ணன் அழவில்லை. கல்லு மாதிரி இருக்கான், தேறிட்டான் என்றார்கள்.

போன் மறுபடி அடித்தது.

"அண்ணே, ஹீரோ எப்பண்ணே வருவாரு?"

"வந்துட்டான். அந்தச் சின்னப் பையன்தான்."

"யாரு, அழுதுகினே இருக்கானே, அவனா? வெளங்கிடும்!"

அந்தச் சின்னச் சிப்பாயின் கூட்டாளிக்கு வயிற்றில் குண்டு பாய்ந்திருந்தது. அவன் சீக்கிரம் சாகவில்லை. தண்ணீர் கேட்டான், குளிருகிறது என்றான், பிறகு யாரோ ஒரு பெண்ணின் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் அடங்கியபோது லாரிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஏறு, ஏறு என்று அதிகாரி கத்தினார். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். சின்னவன் காலரை உதறிக்கொண்டு பிணத்திடம் திரும்பி ஓடினான்.

கமலக்கண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

போன்.

"டேய் கமலா! இன்னாடா போட்டு வெச்சிருக்க?" அரிகிருஷ்ணனின் குரல். "உனக்குப் பாத்த பொண்ணு வூட்டுக்காரங்க சீக்கிரமே வந்துட்டாங்க. நடு வூட்ல உக்காந்திருக்காங்க. எதிர்க்க டிவில பொணம் கெடக்குது!"

"டிவிய நிறுத்துங்க சித்தப்பா."

"நிறுத்துனேன்டா! பொண்ணோட அப்பாரு, இருக்கட்டும் பாக்கலாம்னு அவரே போட்டுட்டாரு. பஜ்ஜிய கையில வெச்சிகினு முழிக்கிறாரு. நீ மாத்துனாதான் ஆவும். மாத்து."

"மாத்த மாட்டேன்."

"இரு, வரேன்."

திரையில் சின்னவன் தோண்ட ஆரம்பித்திருந்தான். மண் உறைந்து கல்லாகியிருந்தது. மண்வெட்டி இல்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியால் சுரண்டினான். கேமரா அசையவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, மூன்று நிமிடம் ஆயிற்று. மூடி வளைந்தது. நிமிர்த்திக்கொண்டு மறுபடி சுரண்டினான். கமலக்கண்ணன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தான்.

அரிகிருஷ்ணன் மாடியேறி வந்தபோது குழி முழங்கால் ஆழம் கூட ஆகவில்லை. வந்த வேகத்தில் அவர் டிவிடி பிளேயரிடம் கையை நீட்டினார். கமலக்கண்ணன் அந்த மணிக்கட்டைப் பிடித்தான்.

"கை வெக்காதீங்க."

"பைத்தியமாடா உனக்கு? எவனோ காசு வாங்கினு நடிக்கிறான்."

"தெரியும்."

"அப்புறம் இன்னா?"

"அவன் பொதைக்கிற வரைக்கும் நான் பாக்கணும். என்னத்தான் நீங்க பாக்க வுடலயே."

அரிகிருஷ்ணனின் கை தளர்ந்தது. "வழக்கம்டா அது. நான் என் இஷ்டத்துக்கா சொன்னேன்? உன் நல்லதுக்குத்தான்..."

"சொன்னீங்க. நானும் திரும்பிட்டேன். எனக்கு அதான் ஆறல."

இரண்டு பேரும் நின்றபடியே பார்த்தார்கள். சின்னவன் கூட்டாளியைக் குழியில் இறக்கினான். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மடக்கி வைத்தான். மண்ணைத் தள்ளினான். பிறகு எழுந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான். அதோடு முடிந்தது. தெரியாத மொழியில் பெயர்கள் ஓடின.

கமலக்கண்ணனின் முகம் நனைந்திருந்தது. தாடையிலிருந்து சட்டையில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை. கடைசிப் பெயர் போன பிறகு காமெடி டிவிடியைப் போட்டான். ரிசீவரைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தான்.

"அவள எந்த எடத்துல எரிச்சீங்க?"

"கருவடிக்குப்பத்துலதான். உனக்குத் தெரியாதா?"

"சுடுகாடு தெரியும். எந்த எடம்? வந்து காட்டுங்க."

"இப்பவா? அங்க போயிட்டு வந்து நல்ல காரியத்துல நிப்பியா?"

"நிக்க மாட்டேன். அவங்கள சாப்புட வெச்சு அனுப்பிடச் சொல்லுங்க சித்தியாண்ட."

"நான் வாக்கு குடுத்திருக்கன்டா. என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சிக்கறது?"

"அத நீங்க பாருங்க."

அரிகிருஷ்ணன் அசையவில்லை. கமலக்கண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே காமெடியின் சிரிப்புச் சத்தம். நூறு அடி நடந்திருப்பான். பின்னால் டி.வி.எஸ். ஐம்பதின் சத்தம் கேட்டது. வண்டி பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது.

"அங்க ஒண்ணும் இருக்காதுடா," என்றார் அரிகிருஷ்ணன். "வெறும் மண்ணு."

"பரவால்ல."

அவர் எதிரே பார்த்துக்கொண்டே, "ஏறு," என்றார்.

"நீங்க பின்னால உக்காருங்க. நான் ஓட்றேன், வழி மட்டும் சொல்லுங்க."

அரிகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.