வேப்பம்பட்டுக் கிணறு

ஆவடிக்கு மேற்கே, இருப்புப்பாதை திருநின்றவூரைக் கடந்து வேப்பம்பட்டை எட்டும் அகன்ற வெளியிலே, புரட்டாசி முகில்கள் கருக்கொண்டு தாழ, உழவு மறந்த கழனிகள் மனைகளாகக் கூறுபட்டு ஈரக்காற்றில் ஊமையாய்க் கிடந்த காலைப்பொழுது அது, ஆண்டு எண்பத்தொன்பது. படைக்கலத் தொழிற்சாலை ஊழியன் உத்தமன், சேக்காட்டுக் குடியிருப்பின் நெருக்கத்தை விட்டுச் சொந்த வீடு காணும் வேட்கையால் வாங்கிய மனையில், முதற்பணியாகக் கிணறு தோண்டுவித்துக் கொண்டிருந்தான்.

அவன் மனைவி பார்வதம், கல்லூரியில் பாறைகளை ஆயும் நிலநூல் பயின்று, மணமானபின் அக்கல்வியைப் பரணில் ஏற்றிவிட்டவள். மேலேறிய கூடையில் செம்மண் மாறிச் சாம்பல்வண்ணக் கல் வரக்கண்டு, ஒன்றை எடுத்துத் தட்டினாள். ஏடு பிரிவதுபோல் அது பிளவுபட, உள்ளே பெயரறியா இலையொன்றின் நரம்புகள் பதிந்திருந்தன. நிலத்தின் உள்ளழலில் உருகி, ஆறி இறுகிய தீப்பாறை அன்று அது. வெம்மையும் அழுத்தமும் தாக்கித் தன்னியல்பு திரிந்த உருமாறிய பாறையும் அன்று. என்றோ தேங்கிய நீரின் அடியில் சேறு படிந்து, படிந்ததன்மேல் படிந்து, தன் பாரத்தாலேயே கல்லான படிவுப்பாறை. அவ்வழகில் ஒருகணம் மகிழ்ந்தவள், கிணற்றுள் எட்டிப்பார்த்து அஞ்சினாள். மேற்குச் சுவரின் அடுக்குகள் யாவும் குழியை நோக்கிச் சாய்ந்திருந்தன. முந்தைய நாள் மழைநீர் அவற்றிடையே கசிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, மேல வந்துடுங்க. பலகை வெச்சு முட்டுக் குடுத்துட்டு அப்புறம் தோண்டலாம். இது அடுக்குக் கல்லு, வழுக்கும்."

கிணறு தோண்டிக்கொண்டிருந்த துலுக்கானம் கீழிருந்து சிரித்தான். திரிசூலத்துப் பக்கம் கருங்கல்லைப் பிளந்து பல்லாண்டு கிணறு கண்ட கைகள் அவனுடையவை.

"மண்ணுன்னா பயப்படணும்மா. பாறை வந்துட்ச்சே, இனிமே இன்னா பயம்? சொவுரு கணக்கா நிக்கும்."

அவன் அறிந்த பாறைக்கு அது மெய்யே. உத்தமனும், "மழை புடிச்சுக்கிட்டா வேலை நின்னுடும், பார்வதம். அவருக்குத் தெரியாததா?" என்றான். தான் கற்றதைத் தானே ஐயுற்று, அவள் வாயடங்கினாள்.

நண்பகலில், முன்னறிவிக்கும் ஓசை ஒன்றுமின்றி, மேற்குச் சுவர் முழுதும் ஒரே பலகைபோல் வழுக்கி இறங்கிற்று. கூடையிழுத்து நின்ற துலுக்கானத்தின் மனைவி குப்பம்மாவின் கையில், வடம் ஒருமுறை வெட்டியிழுத்துத் தளர்ந்தது. ஊர் திரண்டு கல்லகற்றி அவனை மேலேற்றியபோது உயிரில்லை. கிணற்றைத் தூர்த்துவிடச் சொல்லிவிட்டு, உத்தமன் தலைகவிழ்ந்து நின்றான்.

ஈமக்கடன் முடிந்தபின், பார்வதம் தனியே காட்டுப்பாக்கத்துக் குடிசையைத் தேடிச் சென்றாள். வசைமொழியை எதிர்பார்த்துச் சென்றவளைக் குப்பம்மா ஏசவில்லை.

"நீ அன்னிக்கே சொன்ன. எங்கூட்டுக்காருதான் கேக்காம பூட்டாரு. அது இன்னா கல்லும்மா? எப்டி உண்டாச்சு?"

"தண்ணிக்கு அடியில சேறு படிஞ்சு படிஞ்சு, கோடிக்கணக்கான வருஷத்துல கல்லாச்சும்மா," என்றாள் பார்வதம்.

குப்பம்மா, வடம் வெட்டியிழுத்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"அம்மாங் காலம் அசையாம கெடந்துச்சா? எங்கூட்டுக்காரு மேல ஏறி வர்ற வரிக்கும் இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கக் கூடாதா?"

பாறைகளின் பிறப்பையும் வகையையும் நூல்கள் உரைக்கும். இவ்வினாவுக்கு விடையுரைக்கும் நூலை அவள் கற்றிருக்கவில்லை. ஆதலின் குப்பம்மாவின் அருகே மண்தரையில் அமர்ந்தாள். விளக்கேற்றும் வேளை வந்தும் இருவரும் எழவில்லை.