கட்டுவதற்கு இன்னொரு கை

தோள் என்ற சொல் வாயில் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார் ஆல்டர்கேட். தலைநகரத்து வக்கீல். துப்பாக்கி உரிமைச் சங்கம் அனுப்பிய ஆள். மேற்கு வர்ஜீனியாவின் மலைக்குள் இருக்கும் ஸ்டில்ட்னர் வீட்டுச் சமையலறையில், பயறும் சோளரொட்டியும் வைத்திருந்த மேசையில், போட்டிருந்த கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு, மறுநாள் விசாரணைக்கு வீட்டுக்காரர் வெர்லினைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஸ்டில்ட்னர், அரசாங்கத்து வக்கீலம்மா எங்கெங்கயோ சுத்தி வளைச்சுக் கேப்பாங்க. மான் அடிச்சா எப்படித் தூக்கிட்டு வருவீங்க?"

"தோ..." என்று ஆரம்பித்த வெர்லின் சட்டென்று நிறுத்தினார். "கழுத்துக்குக் கொஞ்சம் பக்கத்துல போட்டுக்கிட்டு வருவேன்."

அடுப்பருகே நின்ற மகள் ஷெல்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா, மானை எங்க வேணா போட்டுக்கோ. துப்பாக்கியப் பத்தித்தான் அவரு சொல்றாரு."

"சொல்லவே கூடாதுன்னாரேம்மா."

"மானைத் தோளில் போடலாம்" என்று ஆல்டர்கேட் சிரிக்காமல் அனுமதி கொடுத்தார்.

நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்கூரைப் பாறை விழுந்து வெர்லினின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அதற்குப் பிறகு நீளத் துப்பாக்கி எதையும் பிடிக்க முடியவில்லை. குட்டைக் குழல் வைத்த கனமான கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். அதன் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் வளையமும் பட்டையுமாக ஒரு பிரேஸ். முன்கையை அதற்குள் நுழைத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டால் கனத்தைக் கை தாங்கிக்கொள்ளும். ஒரு கையே போதும். கோழிக்கு வரும் நரியை விரட்ட அது உதவியது.

இப்போது மத்திய அரசு ஒரு விதி போட்டிருக்கிறது. ஊரெல்லாம் இந்த பிரேஸைக் கையில் கட்டாமல் தோளில் முட்டுக்கொடுத்துச் சுடுகிறார்கள், ஆகவே இது கைத்துப்பாக்கியே இல்லை, சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் குட்டைக் குழல் ரைஃபிள் என்கிறது. பதிவு செய், இல்லை கழற்றிப் போடு, இல்லை ஒப்படை. எதுவும் செய்யாவிட்டால் சிறை. விதி அமலுக்கு வருவதற்குள் தடை வாங்கச் சங்கம் வழக்குப் போட்டது. வழக்குக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. ஒற்றைக் கைச் சுரங்கத் தொழிலாளி கிடைத்ததில் சங்கத்துக்கு வாயெல்லாம் பல்.

ஷெல்பிக்கு இந்தக் கூட்டத்தைப் பிடிக்காது. கை போனபோது நஷ்ட ஈட்டுக்காக அப்பா நடையாய் நடந்தாரே, அன்று எட்டிப் பார்த்தார்களா? கை இல்லாதது பிரயோஜனப்படும் என்றதும் வந்து நிற்கிறார்கள். விதி எழுதிய அரசாங்கத்தையும் பிடிக்காது. இந்த மலையில் ஒரு கோழியைக்கூடக் காப்பாற்றி அறியாதவர்கள். குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிப் பட்டம் வாங்கியவள் அவள். ஊர் வக்கீல் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். சங்கம் உள்ளூர் வேலைக்கு அந்த வக்கீலைத்தான் பிடித்தது. அப்பாவின் பிரமாணப் பத்திரத்தை எழுதியவளும் அவள்தான்.

எரிச்சலையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவள் எழுதியதற்குக் காரணம் உண்டு. அம்மா ஓனீடா இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. தாடியும் அழுக்குச் சட்டையுமாகக் கிடந்த அப்பா, வழக்கு என்று ஆனதிலிருந்து தினமும் சவரம் செய்கிறார். சட்டையை இஸ்திரி போடுகிறார், அதுவும் ஒரு கையால். வெகு நாளைக்குப் பிறகு அவர் வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

ஆல்டர்கேட் கிளம்பியதும் ஷெல்பி சொன்னாள்: "நாளைக்குக் கட்டிக் காட்டுங்கன்னு கேட்டாலும் கேப்பாங்க. ஒரு தடவை கட்டிக் காட்டுப்பா, நான் பாத்துக்கறேன்."

"நாய்க்கு வைக்கணும்."

"வச்சாச்சு."

"கோழி..."

"அடைச்சாச்சு. என்னப்பா உனக்கு?"

வெர்லின் துப்பாக்கியை எடுத்து வந்தார். குண்டு இல்லை என்பதைத் திறந்து பார்த்தார், அவளிடமும் காட்டினார். இடது முன்கையை வளையத்துக்குள் நுழைத்துப் பிடியைப் பற்றிக்கொண்டார். பட்டை தொங்கியது. குனிந்து அதன் நுனியைப் பல்லால் கவ்வி இழுத்தார். வழுக்கியது. மறுபடி இழுத்தார். வளையம் திரும்பிக்கொண்டது. வலது கை முடிந்துபோன இடத்தால் அமுக்கிப் பிடித்துப் பார்த்தார். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. ஷெல்பி எழுந்தாள், பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

"ஒத்தக் கைக்காரனுக்குன்னே செஞ்சது" என்றார் வெர்லின், மூச்சு வாங்க. "கட்டறதுக்கு இன்னொரு கை வேணும். எவனோ ரெண்டு கைக்காரன் செஞ்சிருக்கான்."

"அப்ப இத்தனை வருஷமா?"

"உங்கம்மா கட்டுவா."

விடிந்ததும் பின்வாசலில் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஓனீடா கட்டிவிடுவாளாம். இறுக்கமா இருக்கா என்று கேட்பாளாம். இருக்கு என்றால் இன்னும் ஒரு இழுப்பு இழுப்பாளாம். ஷெல்பி அந்த வருடங்களில் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஒருநாளும் பார்த்ததில்லை. பத்திரத்தின் ஏழாவது பத்தியில் அவள் எழுதியிருந்தாள்: 'யாருடைய உதவியும் இன்றி, ஒற்றைக் கையாலேயே பட்டையைக் கட்டிக்கொள்கிறேன்.' கேட்டு எழுதவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிட்டாள்.

"ஏன்ப்பா அப்பவே சொல்லல?"

"நீ எழுதிட்டியேம்மா."

"எழுதினா என்ன? தப்புன்னா தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"நம்ம வீட்ல இதுக்கு முன்னாடி யாரு இப்படி எழுதியிருக்கா? அதுல போய் நான் கை வைக்கறதா?"

ஷெல்பி கோபமாகத்தான் கேட்டாள்: "அம்மா போனப்புறம் எப்படிச் சுடற?"

வெர்லின் துப்பாக்கியின் பின்பக்கத்தைத் தூக்கி, கழுத்தெலும்பு முடிகிற இடத்தில் வைத்துக் காட்டினார். வழக்கே அந்த இடத்தைப் பற்றியதுதான்.

"உங்கிட்ட கட்டிவிடச் சொல்லலாம்னு நெனச்சேன். உனக்குத்தான் இதைக் கண்டாலே ஆகாதே" என்றார்.

அவள் வெளியே போய் ஆல்டர்கேட்டைத் தொலைபேசியில் பிடித்தாள். அவர் பதறவில்லை. "ஞாபகம் இல்லைன்னு சொல்லச் சொல்லு. ஞாபகம்ங்கறது அவங்கவங்க சொந்த விஷயம், யாரும் பொய்னு நிரூபிக்க முடியாது." தேவாலயத்தில் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவள் துண்டித்தாள்.

உள்ளே வந்து சொன்னாள்: "நாளைக்கு உண்மையைச் சொல்லிடுப்பா. எழுதினவ விசாரிக்காம எழுதிட்டான்னு சொல்லு."

"நீ வக்கீலுக்குப் படிக்க மனு போட்டிருக்க. சத்தியப் பத்திரத்துல இல்லாததை எழுதினவன்னு பேர் வந்தா உன்னைச் சேப்பாங்களா?"

"கையெழுத்து உன்னோடது. பொய்ச் சத்தியம்னு பிடிச்சா உன்னத்தான் பிடிப்பாங்க."

"பாத்துக்கலாம்" என்றார் வெர்லின். ஆறிப்போன பயறை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு."

மறுநாள் காலை, மாவட்டத் தலைநகரில், நீதிமன்றத்தின் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை. தீர்ப்புக்கு முன்னால் சாட்சி சொல்வதைப் பதிவு செய்கிற விசாரணை மட்டும்தான், நீதிபதி கிடையாது. அரசாங்கத்து வக்கீல் ஆட்ரா லிண்ட்க்விஸ்ட், ஆல்டர்கேட், சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்ய ஒரு பெண், அவ்வளவுதான். ஷெல்பி கோப்புகளோடு சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"சத்தியம் பண்ண வலது கையைத் தூக்குங்க" என்றாள் தட்டச்சுக்காரி, பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"இருக்கறதைத் தூக்கறேன், மேடம்" என்று இடது கையைத் தூக்கினார் வெர்லின்.

லிண்ட்க்விஸ்ட் சுற்றி வளைக்கவில்லை. வயது குறைவு, குரலில் அலட்டல் இல்லை. "ஏழாவது பத்தி. நீங்களே ஒத்தைக் கையால கட்டிக்கறதா இருக்கு. சரிதானா?"

"இல்லைங்க மேடம். என் மனைவி கட்டிவிடுவா. அவ இறந்துட்டா. இப்ப கட்டறதில்லை."

"கட்டாம எப்படிச் சுடறீங்க?"

ஆல்டர்கேட் இருமினார். வெர்லின் அவரைப் பார்த்து, மன்னிக்கணும் என்பது போலத் தலையசைத்தார். "தோள்ல வச்சு."

பேனா எழுதும் சத்தம் கேட்டது. "அப்படின்னா இந்தப் பத்தி பொய். இதை எழுதினது யாரு?"

"எழுதினவங்க மேல தப்பு இல்லைங்க. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்." வெர்லின் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு வாசிக்க அவ்வளவா வராது."

ஷெல்பிக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. செய்தித்தாளை இறந்தவர் பட்டியல் வரைக்கும் விடாமல் படிக்கிற மனிதர். கல்லூரி முதல் வருடம் ஒருத்தி, பணக்கார வீட்டுப் பெண், மலைக்காரர்களுக்கு எழுத்து வராது என்ற நினைப்பில், மெய்யான கரிசனத்தோடு கேட்டாள்: உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா? அன்று ஷெல்பி போட்ட சண்டையில் விடுதியே கூடிவிட்டது. எந்தச் சொல்லுக்காக அவள் ஊரோடு மல்லுக்கு நின்றாளோ, அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே, இஸ்திரி போட்ட சட்டையோடு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்காக.

"பொய்" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். தட்டச்சு நின்றது.

"அவருக்கு நல்லா வாசிக்க வரும். பத்திரத்தையும் வாசிச்சாரு, என் கண்ணு முன்னாடி. எழுதினது நான். கேக்காம எழுதினேன்."

"நீங்க யாரு?" என்றாள் லிண்ட்க்விஸ்ட்.

"அவர் மக."

ஆல்டர்கேட் இடைவேளை கேட்டார். நடைவழியில் ஷெல்பியை ஒரு பிடி பிடித்தார். வழக்கை எரித்துவிட்டாள் என்றார், அவள் முதலாளியிடம் பேசப்போவதாகச் சொன்னார். தாராளமா பேசுங்க என்றாள். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற வெர்லின் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காப்பாத்தலாம்னு பாத்தேன். கெடுத்துட்டியே" என்றார்.

"படிக்கத் தெரியாதவன்னு சொல்லியா காப்பாத்துவ? அந்தப் படிப்பு எனக்கு எதுக்குப்பா?"

அதற்குள் மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள்.

"மிஸ்டர் ஸ்டில்ட்னர், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பத்திரத்தை வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன் மேடம். திரும்பவும் ஒரு தடவை வாசிச்சேன்."

"ஏழாவது பத்தி உண்மை இல்லைன்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

வெர்லின் யோசித்தார். ஆல்டர்கேட் ஆட்சேபம் சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார்.

"அதுல ஒரு ஆள் இருந்தான்" என்றார் வெர்லின். "யாரும் வேண்டாம், தானே கட்டிக்குவான், தானே எல்லாம் செஞ்சுக்குவான். என் மக என்னை அப்படி நெனச்சிருக்கா. வாசிக்க வாசிக்க, அந்த ஆளாவே இருந்துட்டா என்னன்னு தோணிச்சு."

தட்டச்சுக்காரியின் விரல்கள் கடைசிச் சொல்வரை வந்து நின்றன. லிண்ட்க்விஸ்ட் தன் தாள்களைக் கொஞ்ச நேரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "வேற கேள்வி இல்லை" என்றாள். அந்தப் பதிலை வைத்து அவள் அரசாங்கத்துக்குச் சாதகமாக என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுவாள், அது அவள் வேலை. ஆனாலும் எழுந்துபோகும்போது வெர்லினுக்கு முதலில் கதவைத் திறந்துவிட்டாள்.

படியிறங்கும்போதே ஆல்டர்கேட் சொல்லிவிட்டார். வழக்கில் வேறு மனுதாரர்கள் இருக்கிறார்கள், வெர்லின் பெயரை எடுத்துவிடுவார்கள், பொய்ப் பத்தியைத் திரும்பப் பெறுவதாக ஆல்டர்கேட்டே எழுதிக் கொடுத்துவிடுவார். பொய்ச் சத்தியப் பேச்சும் அனேகமாக அத்தோடு முடியும்.

"தீர்ப்பு அன்னைக்கு வந்து கேக்கலாமா?" என்றார் வெர்லின்.

"பொதுமக்கள் யார் வேணா வரலாம்."

"அப்பச் சரி. நானும் பொதுமக்கள்தான்."

வண்டியை ஷெல்பி ஓட்டினாள். ஊர் எல்லை தாண்டியதும் அவளுக்கு அழுகை வந்தது, அதனால் கியரை முரட்டுத்தனமாகப் போட்டாள்.

"வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் வெர்லின்.

"மனசுல இருக்கறதச் சொல்லிடுப்பா. இனிமே நான் எழுதினதுல தப்பு இருந்தா சொல்லுவியா, மாட்டியா?"

"சொல்றேன்." வெளியே மலையைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் வந்தார். "நம்ம வீடு ஓடைக்கு வடக்கன்னு போட்டிருந்த."

"ஆமா. வடக்குதானே?"

"கிழக்கு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "வேற?"

"சுரங்கத்துல எனக்கு மேஸ்திரி வேலைன்னு எழுதியிருந்த. நான் எப்ப மேஸ்திரியா இருந்தேன்? அந்தப் பயலுங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது."

"ஐயோ, அதுவுமா! இன்னும் இருக்கா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார் வெர்லின். "வீடு வரைக்கும் சொல்லலாம், அவ்வளவு இருக்கு."