பழக்கடைக் கூடாரம்

நாலு பிள்ளைகளை ஒருத்தியால் கட்டி மேய்க்க முடியாது என்பது கணவரின் அண்ணன் ஓயாமல் ஓதிவந்த மந்திரம். கடைகளுக்குப் படுதா தைத்துப் பிழைக்கும் அவளுக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கணவர் மறைந்த துக்கம் ஆறுமுன்னரே தொடங்கிய பேச்சு. இரட்டையரைத் தமக்கு வளர்க்கக் கொடுத்துவிட வேண்டும். மூத்தவளும் கடைக்குட்டியும் தாயோடு இருக்கட்டும் என்றார். மழலை கேளாத வீடு அவருடையது, ஆசையில் குற்றமில்லை. ஆயினும் ஒரு கூட்டைப் பிய்த்தா இன்னொரு கூடு கட்டுவது?

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு தேசியப் பூங்காவில் கூடாரமடித்துத் தங்கப்போவதாக அவள் சொன்னபோது அவர் சிரித்தார்.

"நாலையும் இழுத்துக்கிட்டுத் தனியாவா? ஒரு ராத்திரி தங்கிக் காட்டு. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். முடியாம திரும்பினா ரெட்டையருங்க எங்கூட வரணும்."

"சரி, அத்தான். சொன்ன சொல் மாறக் கூடாது."

அவசரப்பட்டுவிட்டோமோ என்று மறுகணமே தோன்றியது. ஆனால் வில்லை விட்ட அம்பை யார் மீட்பார்?

பூங்காவின் முகாம் திடலில் அவர்களை இறக்கிவிட்டுக் கடைசிப் பேருந்து புழுதி கிளப்பிப் போயிற்று. நெடுமரங்கள் வானைத் தாங்கி நின்றன. அவள் சாம்பல்நிறப் பையின் கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே கூடாரம் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட படுதா இருந்தது. அதன் நெற்றியில் கொட்டை எழுத்தில், 'இன்று பறித்த பழங்கள். உள்ளே வாருங்கள்.'

தைத்து முடித்த சரக்கையெல்லாம் மிச்சத் துணியில் தைத்த ஒரே அளவுப் பைகளில் கட்டிவைப்பது அவள் வழக்கம். கூடாரத்துக்கும் அதே துணியில் அதே பை தைத்தது அவள் கைதான். பழக்கடைக்காரருக்குக் கொடுக்க வாசலருகே வைத்திருந்த பையைக் கூடாரம் என்று எண்ணி இரட்டையர் தூக்கிவந்துவிட்டார்கள்.

"நான் அப்பவே சொன்னேன், பை கனமா இருக்குன்னு," என்றாள் மூத்தவள். எதற்கும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"சொல்லல. நீ பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தே," என்றான் இரட்டையரில் ஒருவன்.

"அம்மா, பழம் எங்க?" என்றாள் கடைக்குட்டி.

வனக்காவலர் வந்து படுதாவைப் பார்த்தார். முகம் மாறாமல், "என்னம்மா, கடை போடப்போறீங்களா?" என்றார்.

"கூடாரந்தாங்க இது. இன்னும் தச்சு முடியல."

"நாலு பக்கமும் அடைச்சிருக்கணும், அடியிலயும் இடுக்கு இருக்கக் கூடாது. பாம்பு நடமாடற இடம். இருட்டறதுக்குள்ள வந்து பார்ப்பேன். சரியில்லன்னா வெளிய அனுப்பிடுவேன். பிள்ளைங்க இருக்காங்களே."

வெளியே போவதென்றால் ஒரே வழிதான். சாயங்காலம் காரோடு வந்து வாயிலில் காத்திருப்பதாக அத்தான் முன்பே சொல்லியிருந்தார்.

இடுப்புப் பையில் பெரிய ஊசியும் மெழுகு பூசிய நூலும் எப்போதும் உண்டு. நூலைக் கோக்குமுன் அவள் கண்மூடினாள். 'அம்மையும் அப்பனும் ஆனவனே, கை நடுங்காதிருக்க அருள்.' பிறகு வேலை. இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதில் படுதாவை எறிந்தாள். இரட்டையர் ஆளுக்கொரு ஓரத்தை இழுத்துப் பிடித்தார்கள். வக்கீல் பித்தளை வளையங்களில் கயிறு கோத்து வேர்களில் கட்டினாள். கடைக்குட்டிக்கு நூற்கண்டைக் காக்கும் பதவி. ஒருமுறை அதன்மேலேயே உட்கார்ந்து காத்தாள். பின்புறத்தைத் தைத்து அடைத்து, முன்புறத்தில் கயிறிழுத்து மூடும் வாசல் விட்டு, மழைக்கென்று கொண்டுவந்த விரிப்பைத் தரையில் போட்டு, அதன் விளிம்பைச் சுவரோடு இணைத்தாள். விரலில் ஊசி குத்தி இரத்தம் கசிந்தபோது வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த தையலுக்குப் போனாள்.

"பழக்கடை மாமா திட்டுவாரே," என்றாள் வக்கீல்.

"திட்டட்டும். வேற துணி வாங்கி அவருக்குப் புதுசா தச்சுக் கொடுத்துடுவேன். இழுத்துக் கட்டுடி."

மேற்கு சிவக்கையில் வனக்காவலர் வந்தார். கூடவே, வாயிலில் பொறுமையிழந்த அத்தானும். காவலர் தையலை இழுத்துப் பார்த்தார், குனிந்து அடியைத் தடவினார். "தங்கலாம்," என்று சொல்லி அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டார்.

அத்தான் எழுத்துகளைப் படித்தார். "சிரிப்பா சிரிக்கப்போறாங்க. மழை வந்தா என்ன பண்ணுவே?"

"கடை வாசல்ல பத்து மழைக்காலம் நனையறதுக்குத் தச்சது அத்தான். வரட்டும்."

அவர் இரட்டையர் பக்கம் திரும்பினார். "வீட்டுல மெத்தை இருக்கு, வரீங்களாடா?"

"நாங்க ஓரத்துல படுக்கணும் பெரியப்பா. வக்கீல் உதைப்பா, பாப்பா உருளுவா. நாங்க இல்லன்னா பாப்பா வெளிய போயிடுவா," என்றான் மற்றவன், உலகறிந்த செய்தியைச் சொல்வதுபோல.

கடைக்குட்டி கூடாரத்திலிருந்து தலைநீட்டினாள். "உள்ளே வாருங்கள்னு போட்டிருக்காம் பெரியப்பா. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

அவர் முகம் இளகிற்று. ஒரு செருப்பைக் கழற்றியும்விட்டார். தாய் வாசலை மறித்து நின்றாள்.

"இன்னைக்கு வேணாம், அத்தான். நீங்க உள்ள வந்தா நான் தனியா தங்கினதா ஆகாது. காலையில வாங்க, டீ போட்டுத் தரேன். எழுத்தை நம்பிடாதீங்க; இங்க கொடுக்கறதுக்கு எதுவும் இல்ல."

அவர் கழற்றிய செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டார்.

"டீயில சர்க்கரை கம்மியா போடு," என்று சொல்லி நடந்தார்.

அவள் உள்ளே புகுந்து, வாசற்கயிற்றை இழுத்து இறுக முடிச்சிட்டாள்.