மிச்சமிருந்த இரண்டு டின்

பூசை முடிந்து வந்த ஜோசஃபின் சேலையைக்கூட மாற்றாமல் கார் நிறுத்தும் போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். எதிரே, நானும் அவள் தம்பி ஹென்றியும் நிமிர்த்தி வைத்த மரச்சட்டத்துக்குள் மூன்றரை அடி பிளாஸ்டர் அச்சு நின்றது. அதற்குள் நாற்பது கிலோ ரெசினில் எங்கள் மகள் பிரெண்டா.

டெங்கிக் காய்ச்சலில் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடம் ஜோசஃபினின் கண்களைச் சர்க்கரை நோய் தின்ன ஆரம்பித்தது. கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே மகளை இடுப்புவரை களிமண்ணில் செய்தாள், பாதி பார்த்து, பாதி தடவி. "கண்ணு போனா போகட்டும். தொட்டுப் பார்த்துக்குவேன்" என்றாள். கண் போய்விட்டது. இப்போது விரல் நுனிகளும் ஒவ்வொன்றாக மரத்துவருகின்றன.

களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். ஆகவே அதன்மேல் பிளாஸ்டர் பூசி, இறுகியதும் களிமண்ணைத் துண்டு துண்டாகப் பிய்த்தெடுத்தேன். உள்ளே முகத்தின் குழி மட்டும் இருந்தது. அதில் ரெசினை ஊற்றி, அது கல்லானதும் பிளாஸ்டரை உடைக்க வேண்டும். பிறகு களிமண்ணும் இல்லை, அச்சும் இல்லை. ஒரே தடவைதான்.

ரெசின் எனக்குப் புதிதல்ல. போர்ட் கிள்ளானில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்தாறு வருடம் கலக்கியிருக்கிறேன். ஆனால் அந்த ரெசினின் வாடை ஜோசஃபினுக்கு இளைப்பைக் கொண்டுவரும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அதனால் வாடையில்லாத எபாக்சி வாங்கினேன். எந்த ரெசினும் இறுகும்போது சூடாகும். மொத்தமாக ஊற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்து வெடிக்கும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அதற்காக நடுவில் நுரைக்கட்டை வைத்து, ரெசின் இரண்டு அங்குலத் தடிமனைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். பட்டறையில் செய்வதுபோல, இறுக வைக்கும் ஹார்டனரையும் பாதியாகக் குறைத்தேன்.

"ஹார்டனர் ரெண்டு டின் மிச்சம், மச்சான். டின்னுல அளவு எழுதினவன விட நீங்க கெட்டிக்காரர்லா" என்று ஹென்றி அன்று சிரித்தான்.

பத்து நாள் ஆகியும் அடிப்பக்கம் பிசுபிசுத்தது. காற்றுப் படும் இடம் அப்படித்தான் இருக்கும், உள்ளே கல் என்று அவனுக்கு விளக்கினேன். படகு ரெசினில் அது உண்மை.

உளி வைத்துத் தட்டினோம். பிளாஸ்டர் பாளம் பாளமாக விழுந்தது. நெற்றி, புருவம், உதட்டோர மச்சம்வரை அப்படியே வந்தது. உளியைக் கீழே வைத்தேன்.

"மச்சான், மூக்கு" என்றான் ஹென்றி மெதுவாக.

மூக்கு இறங்கிக்கொண்டிருந்தது, வெயிலில் வைத்த தோடோல் மிட்டாய்போல.

மூலையில் திறக்காமல் கிடந்த இரண்டு டின்களைப் பார்த்ததும் புரிந்தது. படகு ரெசினுக்கு ஹார்டனர் தீக்குச்சி மாதிரி. சின்னக் குச்சி போதும், நெருப்பு தானே பரவும். எபாக்சிக்கு அது ஜோடி. ரெசினின் ஒவ்வொரு கையையும் ஹார்டனரின் ஒரு கை பிடித்துக்கொண்டால்தான் இறுகும். பாதி ஆள் வரவில்லை என்றால், எத்தனை வருடமானாலும் பாதிக் கைகள் வெறுமையாகவே இருக்கும்.

"மிச்சத்த இப்ப மேல பூசினா?" என்றான் ஹென்றி.

"உள்ள எறங்காது."

"லைட்டு போட்டுச் சூடு காட்டுனா?"

"இல்லாதது எங்கேர்ந்துடா வரும்?"

"என்ன, ரெண்டு பேரும் சத்தத்தயே காணோம்?" என்றாள் ஜோசஃபின். "ஹென்றி, ஒன் வாய் சும்மா இருக்காதே."

"இன்னும் இறுகல, ஜோஸ்."

"எப்ப இறுகும்?"

நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம். தீக்குச்சியையும் கைகளையும் சொன்னேன். வழக்கம்போலப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு எழுந்து கையை நீட்டினாள்.

"கையுறை போட்டுக்க. தோல் அரிக்கும்."

"போட்டா எனக்கு என்னங்க தெரியும்?"

அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சிலையின் கன்னத்தில் வைத்தேன். நான்கு விரல்களும் சத்தமில்லாமல் உள்ளே போயின. அவள் முகத்தைச் சற்றுச் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல நின்றாள்.

"என் விரல் செத்துப்போச்சா, இல்ல இதுவே இப்படித்தானா?"

"இதுதான்" என்றேன்.

கையை எடுத்தபோது நூல் நூலாக இழுபட்டு வந்தது. ஹென்றி துணி தேடி உள்ளே போனான். பிரெண்டாவின் கன்னத்தில் பதிந்த நான்கு குழிகளும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்திலிருந்து மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தன.